மான்ஸ்டர் அனிமே: ஒரு பிள்ளையிடம் கேட்கக் கூடாத கேள்வி (ஸ்பாய்லர் உண்டு)

குடமுருட்டி எழுதியது:

மான்ஸ்டர் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் யோஹான் எத்தனை பேரைக் கொன்றான் என்ற கணக்கில்தான் ஆரம்பிக்கிறார்கள். 74 எபிசோடும் பார்த்து முடித்தபின் எனக்கு அந்தக் கணக்கு பொருட்டாகவே தெரியவில்லை. ரத்தம் காட்டுகிற தொடர்கள் ஆயிரம் இருக்கின்றன. இதில் ரத்தம் குறைவு. என்னைத் தூங்கவிடாமல் செய்தது மிலோஷ் என்ற சின்னப் பையன் வருகிற பகுதி.

பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக. நவோகி உராசாவா 1994 முதல் 2001 வரை வரைந்த மாங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதை இது. மேட்ஹவுஸ் ஸ்டுடியோ மசாயுகி கொஜிமா இயக்கத்தில் அனிமேஷன் தொடராக எடுத்தது. ஜப்பானில் 2004 ஏப்ரலில் தொடங்கி 2005 செப்டம்பர் வரை ஒளிபரப்பானது. கதை நடப்பது ஜெர்மனியிலும் செக் நாட்டிலும். கென்ஸோ டென்மா என்ற ஜப்பானிய மூளை அறுவை மருத்துவர் 1986இல் தலையில் குண்டு பாய்ந்த ஒரு சிறுவனைக் காப்பாற்றுகிறார். அந்தச் சிறுவன்தான் யோஹான். ஒன்பது வருடம் கழித்து அவன் யாராக வளர்ந்திருக்கிறான் என்று டென்மாவுக்குத் தெரியவருகிறது. அப்புறம் நடப்பதெல்லாம் அதன் விளைவு.

இப்போது மிலோஷ். பிராக் நகரத்தில் ஓர் அனாதை விடுதியில் வளர்கிறான். அம்மா எங்கோ இருக்கிறாள், ஒரு நாள் வந்து கூட்டிப்போவாள் என்று நம்பிக்கொண்டிருக்கிறான். யோஹான் அவனை அடிக்கவில்லை, மிரட்டவும் இல்லை. அன்பாகப் பேசுகிறான். பாலியல் தொழில் நடக்கிற தெருவுக்குப் போய் அம்மாவைத் தேடிப் பார்க்கச் சொல்கிறான். அங்கே யாரும் உன்னைப் பிள்ளை என்று கண்டுகொள்ளவில்லை என்றால் நீ வேண்டாத பிள்ளை என்று அர்த்தம், அவ்வளவுதான். பையன் ராத்திரி முழுக்க அந்தத் தெருவில் நடக்கிறான். பிள்ளைகள் பார்க்கக் கூடாததையெல்லாம் பார்க்கிறான். கடைசியில் ஒரு பாலத்தின் ஓரத்தில் போய் நிற்கிறான்.

யோஹான் அவனைத் தள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு கேள்வியை மட்டும் கொடுத்து அனுப்பினான். விடையைப் பையனே தேடிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டான். அந்தப் பிஞ்சு மூளை தானாகவே “நான் வேண்டாதவன்” என்ற முடிவுக்கு வந்துவிடும் என்று அவனுக்குத் தெரியும். நான் பார்த்த வரையில் இதைவிட மோசமான வன்முறையைக் காட்டிய தொடர் இல்லை. உங்களுக்கு எப்படி இருந்தது?

பாமணி எழுதியது:

அண்ணே, நான் இருபதாவது எபிசோடோடு நிறுத்திவிட்டேன். ரொம்ப இழுவை. டென்மா ரயிலில் ஏறுகிறார், இறங்குகிறார், யாராவது ஒரு கிழவருக்கு வைத்தியம் பார்க்கிறார், மறுபடி ரயில். இதே மேட்ஹவுஸ்தானே டெத் நோட்டும் எடுத்தார்கள்? அது 37 எபிசோடு, ஓர் இடத்தில்கூடத் தொய்வு கிடையாது. யோஹான் முகத்தையே காட்டாமல் எத்தனை வாரம் ஓட்டுவார்கள்?

ஓடம்போக்கி எழுதியது:

பாமணி தம்பி, அந்தக் கிழவர்களுக்கு வைத்தியம் பார்க்கிற இடங்கள்தான் தொடரே. யோஹானை வைத்து மட்டும் பார்த்தால் அது இழுவையாகத்தான் தெரியும்.

நான் திருவாரூர்க்காரன். எங்கள் ஊரில் கல்தேரைக் காட்டாமல் எந்த விருந்தாளியையும் திருப்பி அனுப்ப மாட்டோம். மனுநீதிச் சோழன் கதை எல்லாருக்கும் தெரியும்: இளவரசன் தேரில் கன்று அடிபட்டுச் செத்தது, பசு மணியை அடித்தது, ராஜா தன் மகன்மேல் தேரை ஏற்றினார். கன்றின் உயிரும் இளவரசனின் உயிரும் ஒன்று என்பதுதான் அதன் கரு. டென்மா செய்வதும் அதுதான். முதலில் ஒரு துருக்கியத் தொழிலாளி ஆஸ்பத்திரிக்கு வருகிறார். அவரை விட்டுவிட்டு, பின்னால் வந்த ஓபரா பாடகருக்கு அறுவை செய்யச் சொல்கிறார்கள். டென்மாவும் செய்கிறார். தொழிலாளி இறந்துபோகிறார். அவர் மனைவி பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, எங்கள் வீட்டுக்காரர்தானே முதலில் வந்தார் என்று கதறுகிறாள். அடுத்த தடவை சிறுவனா மேயரா என்ற நிலை வரும்போது டென்மா முதலில் வந்த சிறுவனுக்கே அறுவை செய்கிறார். மேயர் இறக்கிறார். டென்மாவின் பதவி போகிறது, நிச்சயித்த கல்யாணமும் போகிறது.

எல்லா உயிரும் சமம் என்று சொல்வதற்கு ஒரு விலை உண்டு. மனுநீதி கதையில் பெரும்பாலானோர் மறந்துவிடுகிற ஒருவர் இருக்கிறார், மந்திரி. பெரிய புராணத்தில் ராஜா தேர் ஏற்றுகிற வேலையை முதலில் மந்திரியிடம் ஒப்படைக்கிறார். அந்தப் பாவத்தைச் செய்ய மாட்டாமல் மந்திரி தன் உயிரையே மாய்த்துக்கொள்கிறார். அதன் பிறகுதான் ராஜா தாமே தேர் ஏறுகிறார். நீதி ஒருவருடையது, சாவு இன்னொருவருடையது. டென்மாவின் நியாயத்திலும் அப்படித்தான், பின்னால் வருகிற பிணங்கள் எதுவும் அவருடையவை இல்லை.

இன்னொன்று. இளவரசன் வீதிவிடங்கனை யாருமே எதுவும் கேட்கவில்லை. சின்ன வயதில் பள்ளிக்கூட நாடகத்தில் நான்தான் இளவரசன். எனக்கு ஒரு வசனம்கூடக் கிடையாது. படுத்துக் கிடக்க வேண்டும், அட்டைத் தேர் வரும், அவ்வளவுதான்.

அரசலாறு எழுதியது:

ஓடம்போக்கி சார், நல்ல பதிவு. ஆனால் குடமுருட்டி சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். யோஹானைப் பாவப்பட்ட பிள்ளையாக்கி, சமூகம்தான் அவனை இப்படி ஆக்கியது என்று முடித்துவிடுவது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. அவனோடு பிறந்தவள் அன்னா, அதாவது நினா. இரட்டைப் பிள்ளைகள், ஒரே வீடு, ஒரே அம்மா. அவள் சட்டம் படிக்கிற பெண்ணாக, ஒரு நல்ல குடும்பத்தில் சிரித்துக்கொண்டு வளர்கிறாள். இவன் பேயாக வளர்கிறான். அப்படியென்றால் விதை வேறுதானே? தொடரின் பெயரே அதுதான். தொடரின் தொடக்கத்திலேயே பைபிளின் வெளிப்படுத்தல் நூலில் மிருகத்தைப் பற்றி வரும் வரிகளைக் காட்டுகிறார்கள் என்றால் சும்மாவா?

குடமுருட்டி எழுதியது:

அரசலாறு, நீங்கள் சொல்வதில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். தொடர் எந்த இடத்திலும் யோஹானை மன்னிக்கவில்லை. மன்னிக்கவும் கூடாது. ஆனால் அன்னாவை வைத்து விதை வேறு என்று சொன்னீர்களே, கதை அதை நேர்மாறாகத் திருப்பிப்போடுகிறது. பிராக் நகரத்து சிவப்பு ரோஜா மாளிகைக்குக் கூட்டிக்கொண்டு போகப்பட்டது யார்? யோஹான் இல்லை, அன்னா. அங்கே நடந்த கோரத்தைக் கண்ணால் பார்த்தவள் அவள். வீட்டுக்கு ஓடிவந்து, பார்த்ததையெல்லாம் அண்ணனிடம் சொல்கிறாள். அவன் அதைத் தானே பார்த்ததாக நம்ப ஆரம்பித்துவிடுகிறான். பார்த்தவள் மறந்து பிழைத்தாள். கேட்டவன் மறக்கவில்லை.

அதோடு 511 கிண்டர்ஹைம். கிழக்கு பெர்லினில் இருந்த அனாதை விடுதி. பிள்ளைகளின் பெயர், ஞாபகம், உணர்ச்சி எல்லாவற்றையும் துடைத்துவிட்டு ஒரு புது ரகச் சிப்பாயை உருவாக்குவதாக நினைத்துக்கொண்டு அங்கே சோதனை நடத்துகிறார்கள். அன்னா அந்த வாசலை மிதிக்கவில்லை. ஆக இரண்டு பேரும் ஒரே மாதிரி வளர்க்கப்படவில்லை.

இன்னொன்று, எனக்கு ரொம்பப் பிடித்த இடம், பிடித்த என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆஸ்பத்திரியில் சிறுவன் யோஹான் நினைவில்லாமல் படுத்திருக்கிறான். டென்மா பதவி போன ஆத்திரத்தில் அவன் படுக்கைப் பக்கத்தில் நின்று, இந்த ஆட்கள் செத்துப்போனால்கூடப் பரவாயில்லை என்கிற மாதிரி கொட்டித் தீர்க்கிறார். நாம் எல்லோரும் ஆபீஸிலிருந்து வந்து வீட்டில் கொட்டுகிற அதே பேச்சு. கொஞ்ச நாளில் ஆஸ்பத்திரி இயக்குநரும் இன்னும் இரண்டு மருத்துவர்களும் விஷம் கலந்த மிட்டாய் சாப்பிட்டுச் சாகிறார்கள். அந்தப் பிள்ளை கேட்டுக்கொண்டுதான் இருந்தது. தன்னைக் காப்பாற்றியவர் ஆசைப்பட்டதை நிறைவேற்றியது. அதுவும் மிட்டாயை வைத்து! இதற்குப் பேய் என்று பெயர் வைத்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் பெரியவர்கள் பிள்ளை முன்னால் பேசியதைப் பிள்ளை அப்படியே எடுத்துக்கொண்டது என்கிற பகுதியை என்ன செய்வது?

வெட்டாறு எழுதியது:

இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன். எழுதலாமா என்று யோசனையாக இருந்தது. குடமுருட்டி மிலோஷைச் சொன்னதால் எழுதுகிறேன்.

நான் நாகைப் பக்கம். இந்தத் தொடர் ஜப்பானில் ஓடிக்கொண்டிருந்த சமயத்தில்தான் 2004 டிசம்பர் 26 நடந்தது. எங்கள் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல் போனார்கள். அதன் பிறகு கொஞ்ச காலம், பெற்றோரை இழந்த பிள்ளைகள் தங்கியிருந்த ஓர் இடத்தில் சாயங்கால வகுப்பு எடுத்தேன். எந்த இடம் என்பது வேண்டாம். அங்கே இருந்தவர்கள் நல்லவர்கள், பிள்ளைகளுக்குச் சோறு, துணி, படிப்பு எதிலும் குறை வைக்கவில்லை. நான் சொல்ல வருவது வந்து போனவர்களைப் பற்றி.

தினமும் வண்டி வரும். பிஸ்கட், பொம்மை, கேமரா. எல்லோரும் நல்ல மனசோடுதான் வந்தார்கள். வந்து உட்கார்ந்து ஒரு பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கேட்பார்கள். அலை வந்தப்போ நீ எங்கே நின்றாய்? அம்மா கையைப் பிடித்திருந்தாயா? எப்போது விட்டாய்?

எப்போது விட்டாய் என்று கேட்டால் அந்தப் பிள்ளை என்ன நினைக்கும்? அம்மா போனதற்குத் தான் கையை விட்டதுதான் காரணம் என்று. முதலில் பிள்ளைகள் அழுதார்கள். அப்புறம் அழுவதை நிறுத்தினார்கள். அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அவர்களுக்குப் பாடம் மனப்பாடம் ஆகிவிட்டது. புது ஆள் வந்து உட்கார்ந்ததும் கேட்காமலேயே சொல்லுவார்கள், எந்த இடத்தில் குரலை இறக்க வேண்டும், எந்த இடத்தில் கீழே பார்க்க வேண்டும் என்பது உட்பட. போட்டோ எடுக்கிறபோது சிரிக்கச் சொன்னால் சிரிப்பார்கள். வண்டி கிளம்பியதும் முகத்தில் ஒன்றுமே இருக்காது. திரும்பப் போய்க் கிட்டிப்புள் விளையாடுவார்கள்.

பல வருடம் கழித்து இந்தத் தொடரில் க்ரிம்மரைப் பார்த்தபோது கையிலிருந்த போனைக் கீழே வைத்துவிட்டேன். 511இல் வளர்ந்து உளவாளியானவர். அவருக்கு உணர்ச்சி வராது. எந்தச் சமயத்தில் எந்த முகம் வைக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டவர். எல்லோரிடமும் இனிமையாகச் சிரிக்கிறார், அந்தச் சிரிப்பு பழகியது. சொந்தப் பிள்ளை இறந்தபோது அவரால் அழ முடியவில்லை, மனைவி பிரிந்து போகிறாள். க்ரிம்மர் என்பதுகூட யாரோ வைத்த பெயர். மிலோஷைப் பாலத்திலிருந்து மீட்பது அந்த மனுஷன்தான், அதைக் குடமுருட்டி எழுதாமல் விட்டுவிட்டீர்கள்.

எங்கள் பிள்ளைகளைக் க்ரிம்மர் என்று சொல்லவில்லை. பலர் நன்றாகப் படித்து, வேலைக்குப் போய், கல்யாணம் செய்துகொண்டு இருக்கிறார்கள். பத்திரிகை வருகிறது, போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறேன். ஆனால் அங்கே யோஹான் யாரும் இல்லை. கேட்டவர்கள் எல்லாம் நம்மைப் போன்றவர்கள்தான்.

பாமணி எழுதியது:

அக்கா, என்ன சொல்வதென்று தெரியவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

முடிகொண்டான் எழுதியது:

நான் இந்தக் கார்ட்டூன் எல்லாம் பார்க்கிறவன் இல்லை. பேரன் வைத்துவிட்டுப் போனான், ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தேன். கண் வலிதான் மிச்சம் என்று வீட்டில் திட்டு. குடமுருட்டி சொன்ன ஒரு விஷயத்துக்கு வருகிறேன்: பார்த்தவள் பிழைத்தாள், கேட்டவன் கெட்டான். பிள்ளைகளுக்குக் கதை சொல்வதைப் பற்றிய தொடர் இது என்றுதான் எனக்குப் பட்டது. சிவப்பு ரோஜா மாளிகையில் என்ன செய்தார்கள்? பிள்ளைகளை உட்காரவைத்துப் படப் புத்தகம் வாசித்தார்கள். பெயரில்லாத அரக்கன் பெயர் தேடிப் போகிற கதை. ஒவ்வொருவர் உள்ளேயும் புகுந்து பலம் கொடுத்து, பெயரை வாங்கிக்கொண்டு, கடைசியில் அவரையே உள்ளேயிருந்து தின்றுவிடும். கடைசியில் அதற்கு அழகான பெயர் கிடைக்கிறது, கூப்பிடத்தான் யாரும் மிச்சமில்லை. எழுதிப் படம் போட்டவர் ஃபிரான்ஸ் போனாபார்ட்டா. அந்த ஆள் பேய் மாதிரி இருப்பார் என்று எதிர்பார்த்தேன். கடைசியில் பார்த்தால் மலையோர ஊர் ஒன்றில் ஹோட்டல் வைத்துக்கொண்டு, செய்ததை நினைத்து உருகுகிற கிழவர்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் திருச்செங்காட்டங்குடி. சிறுத்தொண்ட நாயனார் ஊர். வருஷா வருஷம் சித்திரையில் அமுது படையல் விழா. சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து போவேன். கதை உங்களுக்குத் தெரியும். பைரவர் வேடத்தில் வந்த சிவன் பிள்ளைக் கறி கேட்கிறார். அதுவும் சும்மா இல்லை. ஒரே பிள்ளையாக இருக்க வேண்டும், தாய் பிடிக்கத் தகப்பன் அரிய வேண்டும், இருவரும் மனம் மகிழ்ந்து செய்ய வேண்டும். சீராளனைப் பள்ளிக்கூடத்திலிருந்து தூக்கிக்கொண்டு வருகிறார்கள். தாய் கையைப் பிடித்துக்கொள்கிறாள். அந்த இடத்தில் சேக்கிழார் ஒரு வரி வைத்திருக்கிறார்: அப்பாவும் அம்மாவும் ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று நினைத்துப் பிள்ளை சிரிக்கிறது.

எத்தனையோ கதாகாலட்சேபம் கேட்டிருக்கிறேன். அந்தச் சிரிப்பு வருகிற இடத்தில் பாகவதர் நிறுத்துவார். பெண்கள் அழுவார்கள். எனக்கு அப்போது ஆறேழு வயது இருக்கும். அன்றைக்கு ராத்திரி அம்மா என் கையைப் பிடித்தபோது உதறிவிட்டேன் என்று சாகும் வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவளுக்கு அது வேடிக்கை.

அரசலாறு எழுதியது:

ஐயா, உங்கள் வயதுக்கு மரியாதை. ஆனால் நாயன்மார் கதையை ஒரு ஜப்பான் த்ரில்லரோடு சேர்த்து வைத்துப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. சீராளன் திரும்பி வருகிறான். தாயும் தகப்பனும் வெளியே போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட, பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வருகிற மாதிரி வருகிறான். அது பக்தியின் எல்லை எது என்று காட்டுகிற கதை. கேட்டவர் கடவுள், கொடுக்கவும் தெரிந்தவர். 511இல் இருந்தவர்கள் மனிதர்கள், யாரையும் திருப்பிக் கொடுக்கவில்லை. இரண்டும் எப்படி ஒன்றாகும்?

முடிகொண்டான் எழுதியது:

ஒன்று என்று நான் எங்கே தம்பி சொன்னேன்? நான் இன்றைக்கும் படையலுக்குப் போகிறவன். விபூதி பூசாமல் வெளியே கிளம்பியதில்லை. கதை முடியும்போது பிள்ளை வந்துவிடும் என்று பெரியவர்களுக்குத் தெரியும். அதனால் அவர்களால் அழவும் முடிகிறது, அழுது முடித்துச் சாப்பிடவும் முடிகிறது. தோளில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு அது தெரியாது, அவ்வளவுதான். போனாபார்ட்டா வாசித்தபோது முன்னால் உட்கார்ந்திருந்ததும் அப்படிப்பட்ட பிள்ளைகள்தானே.

பெயர் சொல்லிக் கூப்பிட்டதால் பிள்ளை வந்தது என்றீர்களே, நல்ல இடத்தைத் தொட்டீர்கள். படப் புத்தகத்தில் அந்த அரக்கனுக்குக் கிடைக்காமல் போனது அது ஒன்றுதான்.

ஓடம்போக்கி எழுதியது:

முடிகொண்டான் ஐயா இனிமேல் வாராவாரம் ஏதாவது ஒரு தொடர் பார்க்க வேண்டும் என்று வேண்டுகோள் வைக்கிறேன். வீட்டுத் திட்டுக்கு நாங்கள் பொறுப்பு.

அரசலாறு, பக்தியை யாரும் இங்கே இறக்கிப் பேசவில்லை. ஆனால் திருவாரூரிலும் செங்காட்டங்குடியிலும் கதை பிள்ளை திரும்பி வந்துதான் முடிகிறது. எங்கள் கதையில் இளவரசன், கன்று, மந்திரி மூன்று பேரும் எழுந்துவிடுகிறார்கள். நம் கதைகள் பிள்ளையைச் சாகவிட்டு முடிக்கத் துணிவதில்லை. நல்லதங்காள் மட்டும் விதிவிலக்கு மாதிரி, அதைச் சொல்லும்போதும் சில ஊர்களில் பிள்ளைகளை உயிரோடு எழுப்பித்தான் முடிக்கிறார்கள். உராசாவா எழுப்பிக் கொடுக்க மறுக்கிறார். அவருக்குக் கடவுள் கிடையாது, ஒரு டாக்டர்தான் இருக்கிறார். அந்த டாக்டரால் உயிரைத்தான் எழுப்ப முடியும்.

அரசலாறு எழுதியது:

கடைசி வாக்கியத்தை மட்டும் ஏற்றுக்கொள்கிறேன். யோஹானைப் பற்றி என் கருத்தில் மாற்றமில்லை. மொட்டை மாடி விளிம்பில் பிள்ளைகளை நடக்கவைத்து அதை விளையாட்டு என்று சொல்லிக்கொடுத்தவனுக்கு, சின்ன வயதில் என்ன நடந்திருந்தால் எனக்கென்ன? அவனால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கும் சின்ன வயதுதானே. டீட்டரைப் பாருங்கள். 511இல் அதிகாரியாக இருந்த ஹார்ட்மான் அந்தப் பையனை வீட்டில் வைத்து அடித்து, உலகமே இருட்டு என்று போதித்து, இன்னொரு யோஹானை உருவாக்கப் பார்க்கிறான். ஆனால் டீட்டர் டென்மா பின்னால் ஒரு ஃபுட்பாலைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறான். அவனும் அடிபட்ட பிள்ளைதான். அவன் யாரையும் பாலத்துக்கு அனுப்பவில்லை.

வெட்டாறு எழுதியது:

அரசலாறு, டீட்டர் விஷயத்தில் உங்களோடு சண்டை இல்லை. ஆனால் டீட்டருக்குப் பின்னால் ஓட ஒரு டென்மா கிடைத்தார். நாளைக்கு நன்றாக இருக்கும் என்று சொல்ல ஓர் ஆள். யோஹானுக்கு டென்மா கிடைத்தது குண்டு பாய்ந்த பிறகு, அதுவும் நினைவில்லாமல் கிடந்தபோது. இதை அவனுக்குச் சாதகமாகச் சொல்லவில்லை.

எல்லோரும் யோஹானையே பிடித்துக்கொண்டிருக்கிறோம். கடைசி எபிசோடில் வரும் அம்மாவைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. இரட்டைப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒளிந்திருக்கிறாள். போனாபார்ட்டாவும் ஆட்களும் வருகிறார்கள். ஒரு பிள்ளையைக் கொடு என்கிறார்கள். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி கவுன் போட்டிருக்கிறாள், ஆண் பிள்ளைக்கும். ஒன்றைக் கொடுக்கப் போகிறாள், தயங்குகிறாள், மாற்றுகிறாள். கை விடுகிற அந்த ஒரு நொடியைப் பிள்ளை பார்த்துவிட்டது. யோஹான் வளர்ந்து பெரியவனாகி இத்தனை பேரை அழித்தபின், ஆஸ்பத்திரிப் படுக்கையில் டென்மாவிடம் கேட்பது அதைத்தான்: அம்மா என்னைக் காப்பாற்ற நினைத்தாளா, அல்லது என்னையும் தங்கையையும் குழப்பிக்கொண்டாளா? வேண்டாத பிள்ளை யார்?

யூடியூபில் இதற்கு விளக்கம் சொல்கிறவர்களில் பாதிப் பேர் அம்மாவைத் திட்டுகிறார்கள். எப்படித் தயங்கினாள், எப்படி ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள் என்று. எனக்கு வருகிற கோபத்துக்கு அளவில்லை. அவளை அந்த இடத்தில் நிறுத்தியவன் யார்? இரண்டில் ஒன்று என்று சொன்னவன் யார்? அலை வந்தபோது இரண்டு கையிலும் இரண்டு பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு ஓடி, ஒரு பிள்ளையோடு கரையேறிய தாய்மாரை எனக்குத் தெரியும். அவர்களிடமும் இதே கேள்வியைக் கேட்டார்கள். பெரியவனை விட்டாயா, சின்னவளை விட்டாயா? அவர்கள் யாரையும் விடவில்லை. அலை பிடுங்கிக்கொண்டு போனது. ஆனால் கேள்வி அப்படி இருந்தால் பதிலும் அப்படித்தான் அமையும்.

மிலோஷிடம் யோஹான் கேட்டது புதுக் கேள்வி இல்லை. தன்மேல் திணிக்கப்பட்ட கேள்வியை எடுத்து அடுத்த பிள்ளை கையில் கொடுக்கிறான். அது அவன் குற்றம், சந்தேகமே இல்லை. ஆனால் முதலில் கேட்டவன் ஹோட்டல் நடத்திக்கொண்டு, தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு முப்பது வருடம் வாழ்ந்தான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முடிகொண்டான் ஐயா அவர் உருகினார் என்றார். உருகட்டும்.

குடமுருட்டி எழுதியது:

அக்கா, ஹோட்டல் சரி. தோட்டமும் முப்பது வருடமும் தொடரில் இல்லை, கோபத்தில் சேர்த்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். மற்றதில் ஒரு வரியைக்கூட மறுக்க மாட்டேன்.

க்ரிம்மர் சாகிற எபிசோடை நான் எழுதாமல் விட்டதற்குக் காரணம், அதை எழுதினால் மற்றதெல்லாம் பின்னால் போய்விடும். ரூஹன்ஹைம் ஊரில் குண்டடிபட்டுக் கிடக்கும்போது, செத்துப்போன தன் மகனுக்காக முதல் தடவையாக அவருக்குத் துக்கம் வருகிறது. அத்தனை வருடமும் எங்கோ தொலைந்திருந்த துக்கம். 511 துடைத்ததாக நினைத்தது துடைபடவில்லை என்று அந்த ஒரு காட்சி சொல்கிறது. அரசலாறு, உங்கள் விதை வாதத்துக்கு என் பதில் அதுதான்.

அரசலாறு எழுதியது:

அது க்ரிம்மருக்கு. யோஹான் அழவே இல்லை.

குடமுருட்டி எழுதியது:

கடைசியில் அந்தப் படுக்கை காலியாக இருக்கிறதே, எங்கே போனான், அழுதானா சிரித்தானா என்று காட்டவில்லை. இருவரும் அவரவர் பக்கத்தில் நின்றுகொள்வோம்.

பாமணி எழுதியது:

நாற்பதைத் தாண்டிவிட்டேன். ரயிலில் ஏறி இறங்குவது இப்போது அலுக்கவில்லை. ஒரு சந்தேகம், வேறு விஷயம். என் அக்கா மகன் எட்டாவது படிக்கிறான். நான் பார்ப்பதைப் பார்த்து அவனும் உட்காருகிறான். கார்ட்டூன்தானே, பார்க்கட்டும் என்கிறாள் அக்கா. விடலாமா? ரத்தம் அதிகமில்லை என்று குடமுருட்டி அண்ணன் முதலிலேயே சொன்னார், அதான் கேட்கிறேன்.

வெட்டாறு எழுதியது:

விட வேண்டாம் தம்பி. ரத்தம் அதிகமில்லாததால்தான் சொல்கிறேன். ப்ளஸ் டூ முடிக்கட்டும், அப்போதும் தனியாக உட்காரவிடாதே, கூட இரு. இதுவரை எந்த எபிசோட் வரை பார்த்தான்?

பாமணி எழுதியது:

மிலோஷ் வருகிற எபிசோடை நேற்றே பார்த்துவிட்டான், அக்கா. ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிடும்போது மட்டும், அந்தப் பையனோட அம்மா கடைசியில வந்தாங்களா என்று கேட்டான்.

முடிகொண்டான் எழுதியது:

என்ன சொன்னாய்?

பாமணி எழுதியது:

இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை, பார்த்துச் சொல்கிறேன் என்றேன் ஐயா.